பின்னணியில் ஓடுவது யார்? ஒரு ப்ராசஸை விசாரிக்கும் முறை

2002-ஆம் ஆண்டில் ஒரு மின்னஞ்சல் பல நாடுகளைச் சுற்றி வந்தது. கணினியில் ஜேடிபிஜிஎம்ஜிஆர்.இஎக்ஸ்இ என்ற ஃபைல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், அதற்குக் கரடி பொம்மை ஐகான் இருக்கும், அது வைரஸ், நார்ட்டன், மெக்காஃபி ஆன்டிவைரஸ்கள்கூட அதைக் கண்டுபிடிக்காது, 14 நாள் சும்மா இருந்துவிட்டு அப்புறம் வேலையைக் காட்டும், உடனே அழித்துவிட்டுத் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். தேடியவர்களுக்கு அந்த ஃபைல் கிடைத்தது. கரடி பொம்மையும் இருந்தது. சொன்னது அப்படியே பொருந்தியதால் நம்பினார்கள், அழித்தார்கள், நண்பர்களுக்கும் அனுப்பினார்கள்.

அது விண்டோஸோடு வந்த ஃபைல். ஜாவா நிரல்களில் பிழை தேடுவதற்காக மைக்ரோசாஃப்ட் கொடுத்த துணைக் கருவி. அதற்கு முந்தைய ஆண்டு, 2001-ல், இதே பாணியில் வந்த இன்னொரு மின்னஞ்சல் எஸ்யுஎல்எஃப்என்பிகே.இஎக்ஸ்இ என்ற ஃபைலின் மேல் பழி போட்டது. நீளமான ஃபைல் பெயர்களைக் காப்பெடுத்து மீட்டுத் தரும் விண்டோஸ் கருவி அது. இரண்டு சம்பவத்திலும் வைரஸ் என்று எதுவுமே இல்லை. தங்கள் கணினியின் ஒரு பகுதியைத் தாங்களே பிய்த்துப் போட்டவர்கள்தான் இருந்தார்கள்.

பயந்துபோன சாதாரணப் பயனர்களுக்குத்தான் இந்தத் தவறு நேரும் என்று நினைக்க வேண்டாம். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட 5958 எண்ணுள்ள வைரஸ் அடையாளப் பட்டியல், விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் இருந்த எஸ்விசிஹோஸ்ட்.இஎக்ஸ்இ என்ற அசல் சிஸ்டம் ஃபைலையே வைரஸ் என்று எடுத்துக்கொண்டு முடக்கியது. பாதிக்கப்பட்ட கணினிகள் நெட்வொர்க்கை இழந்தன. திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன.

இவற்றை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பின்னணியில் ஓடும் நிரல்களான ப்ராசஸ்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கெட்டதைத் தப்பவிடாதீர்கள் என்றுதான் எச்சரிக்கிறார்கள். நல்லதைக் கெட்டதென்று நினைத்துக் கொல்வதும் சேதம்தான். அதனால்தான் விசாரணை என்ற சொல்லைத் தெரிந்தே பயன்படுத்துகிறேன். பெயர், இருப்பிடம், கையொப்பம், யார் தொடங்கி வைத்தது, என்ன செய்துகொண்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதில்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்த பிறகுதான் தீர்ப்புக்கு வர முடியும். இவற்றில் எந்த ஒன்றும் தனியாக நின்று முடிவு சொல்லாது.

பட்டியலில் இருப்பவர்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் திறக்கும். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு அந்தப் பட்டியலே பயமாக இருக்கும். நாம் திறந்து வைத்திருப்பது ஒரு பிரவுசரும் ஒரு பாட்டும்தான்; ஓடுவதோ நூற்றைம்பது ப்ராசஸ். இது இயல்பு. ஃபைல் என்பது டிஸ்க்கில் எழுதி வைத்திருக்கும் நிரல். அது நினைவகத்தில் ஏறி ஓடத் தொடங்கிவிட்டால் ப்ராசஸ். ஒரே ஃபைலிலிருந்து பத்துப் ப்ராசஸ்கூட ஓடலாம். பிரவுசர்கள் அப்படித்தான் செய்கின்றன: ஒரு பக்கம் செயலிழந்தால் மற்றவை பிழைக்கட்டும், ஒன்றில் நுழைந்த கெட்ட நிரல் இன்னொன்றைத் தொடாமல் இருக்கட்டும் என்று வேலையைப் பல ப்ராசஸாகப் பிரித்து வைக்கின்றன.

வீணாகச் சந்தேகப்படப்படும் சிலரை இங்கேயே விடுவித்துவிடலாம். சிஸ்டம் ஐடில் ப்ராசஸ் என்பது சிபியுவில் 95 சதவீதம், 98 சதவீதம் என்று காட்டும். அது சிபியு சும்மா இருக்கும் நேரத்தின் கணக்கு. அந்த எண் பெரிதாக இருந்தால் கணினி ஓய்வாக இருக்கிறது என்று பொருள். சிஎஸ்ஆர்எஸ்எஸ் என்ற பெயர் இரண்டு முறை வரும். ஒன்று சேவைகளுக்கான (யாரும் உள்நுழையாமலே பின்னணியில் ஓடும் நிரல்களுக்கான) செஷனுக்கு, இன்னொன்று உள்நுழைந்திருக்கும் உங்களுக்கு. ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள் என்று திடீரென சிபியுவை விழுங்குவது விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டர். விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர் அப்டேட் வேலை பார்க்கிறது. புதிதாக நிறைய ஃபைல்களைக் காப்பி செய்த அன்று தேடல் அட்டவணை போடும் இண்டெக்ஸர் மும்முரமாக இருக்கும்.

எல்லோரையும் அதிகம் குழப்புவது எஸ்விசிஹோஸ்ட். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் மற்றவற்றை விசாரிக்கும் வழியும் பிடிபட்டுவிடும்.

விண்டோஸின் பல சேவைகள் தனி இஎக்ஸ்இ ஃபைல்களாக இல்லை. டிஎல்எல் ஃபைல்களாக இருக்கின்றன. டிஎல்எல் தானாக ஓடாது. அதை ஏற்றி ஓட்ட ஒரு வாகனம் வேண்டும். அந்த வாகனம்தான் எஸ்விசிஹோஸ்ட், சர்வீஸ் ஹோஸ்ட் என்பதன் சுருக்கம். முன்பெல்லாம் பல சேவைகளை ஒரே வாகனத்தில் ஏற்றி அனுப்பினார்கள், நினைவகம் மிச்சமாகும் என்பதற்காக. 2017-ல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ராம் இருக்கும் கணினிகளில் பெரும்பாலான சேவைகளுக்குத் தனித்தனி வாகனம் கிடைத்தது. ஒரு சேவை கவிழ்ந்தால் கூட இருப்பவை கவிழக்கூடாது என்பது காரணம். ஆகவே இன்று எழுபது, எண்பது எஸ்விசிஹோஸ்ட் தெரிந்தால் அது விண்டோஸின் வடிவமைப்பு.

ஆனால் இத்தனை பேர் ஒரே பெயரில் வரிசையில் நிற்கும்போது, எண்பத்தொன்றாவதாக ஒருவன் அதே பெயரில் வந்து நின்றால் கண்டுபிடிப்பது எப்படி? தீங்கு நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பெயர் இவ்வளவு பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம். அசல் எஸ்விசிஹோஸ்டுக்குச் சில உறுதியான அடையாளங்கள் உண்டு. அது சி:\விண்டோஸ்\சிஸ்டம்32 ஃபோல்டரிலிருந்து ஓடும் (32-பிட் வடிவம் சிஸ்வாவ்64-ல் இருக்கும்). அதைத் தொடங்கி வைப்பது சர்வீசஸ்.இஎக்ஸ்இ. அதன் கட்டளை வரியில் (அதைத் தொடங்கும்போது கொடுத்த முழுக் கட்டளையில்) ஹைஃபன் போட்டு கே என்று எழுதி, அதன் பின் ஒரு சேவைக் குழுவின் பெயர் இருக்கும். கட்டளை வரியில் எதுவுமே இல்லாமல், உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் எஸ்விசிஹோஸ்ட் போலி. அதில் சந்தேகமே வேண்டாம்.

பெயர் எதையும் நிரூபிக்காது

ஒரு ஃபைலுக்கு எந்தப் பெயரை வேண்டுமானாலும் வைக்கலாம். எல்எஸ்ஏஎஸ்எஸ் என்பது விண்டோஸில் உள்நுழைவையும் பாஸ்வேர்டு சரிபார்ப்பையும் பார்த்துக்கொள்ளும் முக்கியமான ப்ராசஸ். அதன் முதல் எழுத்து ஆங்கிலத்தின் சின்ன எல். அந்த இடத்தில் பெரிய ஐ எழுத்தைப் போட்டால் பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இந்த ஒரு எழுத்து மாற்றத்தை நம்பியே பல தீங்கு நிரல்கள் வந்திருக்கின்றன. ஓ எழுத்துக்குப் பதில் பூஜ்யம், நடுவில் ஓர் எழுத்தை விட்டுவிடுவது, இரண்டு எழுத்தை இடம் மாற்றுவது எல்லாமே இந்த வகைதான்.

2017 மே மாதம் பரவிய, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீங்கு நிரல் தன்னை ஒரு விண்டோஸ் சேவையாகப் பதிந்துகொண்டபோது, மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி சென்டர் என்ற பெயரோடு அடைப்புக்குறியில் 2.0 என்றும் போட்டுக்கொண்டது. பாதுகாப்பின் பெயரையே போர்த்திக்கொண்டு வந்தது அது. சேவைகளின் பட்டியலை மேலோட்டமாகப் பார்க்கிறவர் அதைத் தாண்டிப் போயிருப்பார்.

அதனால் டாஸ்க் மேனேஜரில் செய்ய வேண்டிய முதல் காரியம், சந்தேகப்படும் ப்ராசஸின் மேல் ரைட் கிளிக் செய்து, ஃபைல் இருக்கும் இடத்தைத் திற என்ற தேர்வை அழுத்துவது. கூடவே டீட்டெயில்ஸ் பகுதிக்குப் போய், நெடுவரிசைத் தலைப்பில் ரைட் கிளிக் செய்து, ஃபைலின் முழுப் பாதையையும் கட்டளை வரியையும் காட்டும் இரண்டு நெடுவரிசைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை செய்தால் போதும், அப்புறம் எப்போதும் தெரியும். என்னைக் கேட்டால், டாஸ்க் மேனேஜரில் இதைவிடப் பயனுள்ள மாற்றம் இல்லை.

இருப்பிடத்துக்கு ஏன் மதிப்பு? சிஸ்டம்32 ஃபோல்டரிலும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரிலும் எழுத அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி வேண்டும். உங்கள் கணக்குக்கான செயலித் தரவு இருக்கும் ஆப்டேட்டா, தற்காலிக ஃபைல்களுக்கான டெம்ப், டவுன்லோட்ஸ் போன்ற ஃபோல்டர்களில் அந்த அனுமதி இல்லாமலே எழுதலாம். உங்கள் கணக்கில் மட்டும் நுழைய முடிந்த தீங்கு நிரலுக்குக் கைக்கு எட்டும் இடம் அவைதான். விண்டோஸின் பெயர் ஒன்றைத் தாங்கிக்கொண்டு அங்கிருந்து ஓடுவது மிகத் தெளிவான எச்சரிக்கை. எக்ஸ்ப்ளோரர்.இஎக்ஸ்இ விஷயத்தில் மட்டும் கவனம்: அதன் வீடு சி:\விண்டோஸ், சிஸ்டம்32 அல்ல. சிஸ்டம்32-க்குள் உட்கார்ந்திருக்கும் எக்ஸ்ப்ளோரரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இருப்பிடத்தை மட்டும் வைத்தும் தீர்ப்பு எழுத முடியாது என்பதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் மடிக்கணினியில் ஒருமுறை, ஆப்டேட்டாவிலிருந்து ஓடிய, கையொப்பம் இல்லாத, புரியாத பெயர் கொண்ட ஒரு ப்ராசஸைப் பார்த்துப் பதறி, நிறுத்தி, ஃபைலையும் அழித்துவிட்டேன். மறுநாள் ஸ்கேனர் வேலை செய்யவில்லை. அது அந்தக் கருவியின் தயாரிப்பாளர் கொடுத்த துணை நிரல். கையொப்பம் போடாமல் வெளியிட்டது அவர்களுடைய அலட்சியம்தான். ஆனால் அலட்சியமும் தீய நோக்கமும் ஒன்றல்ல. டிஸ்கார்டு, ஜூம் போன்ற நாம் அறிந்த செயலிகள்கூட அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்காமல் நிறுவிக்கொள்வதற்காக ஆப்டேட்டாவில்தான் குடியிருக்கின்றன.

கையொப்பம் சொல்வதும் சொல்லாததும்

ஃபைலில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸைத் திறந்தால், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்று ஒரு பகுதி இருக்கலாம். அது இரண்டு விஷயத்தைச் சொல்கிறது. இந்த ஃபைலில் கையொப்பமிட்டது இன்னார்; கையொப்பமிட்ட பிறகு உள்ளே ஒரு பைட்கூட மாறவில்லை. பெயர் மட்டும் இருந்தால் போதாது, உள்ளே திறந்து கையொப்பம் செல்லுபடியாகிறது என்று வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பிரபலமான நிறுவனத்தின் கையொப்பத்தை வேறொரு ஃபைலில் வெட்டி ஒட்டியிருந்தால் அங்கேதான் குட்டு உடையும்.

விண்டோஸோடு வரும் பல ஃபைல்களில் இந்தப் பகுதியே இருக்காது. அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. அவற்றின் கையொப்பம் ஃபைலுக்குள் இல்லாமல் தனியாகக் கேட்டலாக் ஃபைல்களில் இருக்கிறது. இதைச் சரியாகப் பார்க்க ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் உதவும். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996-ல் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பின் ஒரு கருவி இது. 2006-ல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது, இன்றும் இலவசம்தான். அதில் எல்லாக் கையொப்பங்களையும் சரிபார் என்ற தேர்வை இயக்கினால், ஒவ்வொரு ப்ராசஸுக்குப் பக்கத்திலும் சரிபார்க்கப்பட்டதா இல்லையா என்று வந்துவிடும். நூற்றைம்பது பெயர்கள் ஒரு நிமிடத்தில் பத்துக்குள் சுருங்கிவிடும். அந்தப் பத்தை மட்டும் உட்கார்ந்து விசாரித்தால் போதும்.

சரி, கையொப்பம் செல்லுபடியானால் நிம்மதியாகத் தூங்கலாமா? பெரும்பாலும் ஆம். ஆனால் அந்தப் பெரும்பாலும் என்ற சொல்லுக்குப் பின்னால் சில முக்கியமான சம்பவங்கள் இருக்கின்றன.

2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீங்கு நிரலின் டிரைவர்களில் ரியல்டெக், ஜேமைக்ரான் என்ற இரண்டு தைவான் நிறுவனங்களின் உண்மையான சான்றிதழ்களால் கையொப்பமிட்டிருந்தார்கள். சான்றிதழின் ரகசியச் சாவி திருடப்பட்டுவிட்டால் கையொப்பம் எழுத்துக்கு எழுத்து அசலாகத்தான் இருக்கும். 2017-ல் நடந்தது இன்னும் கவலை தருவது. கணினியைச் சுத்தம் செய்வதற்கென்று லட்சக்கணக்கானோர் வைத்திருந்த சிகிளீனரின் 5.33 பதிப்பில், அதைத் தயாரித்த இடத்திலேயே ஊடுருவி, தீங்கு நிரலைச் சேர்த்துவிட்டார்கள். அது அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே, சரியான கையொப்பத்தோடு, சுமார் 22.7 லட்சம் கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆகஸ்ட் நடுவில் வெளியான பதிப்பு. செப்டம்பர் 18-ல்தான் விஷயம் வெளியே வந்தது. இடம் சரி, பெயர் சரி, கையொப்பம் சரி. காட்டிக்கொடுத்தது அதன் நடத்தைதான்.

யார் தொடங்கி வைத்தது?

எந்தப் ப்ராசஸும் தானாகப் பிறப்பதில்லை. இன்னொரு ப்ராசஸ் அதைத் தொடங்கி வைக்கிறது. இந்தத் தாய்-பிள்ளை உறவை ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் மர வடிவில் காட்டும். அனுபவமுள்ளவர்கள் முதலில் பார்ப்பது இந்த மரத்தைத்தான். நீங்கள் டெஸ்க்டாப்பில் கிளிக் செய்து திறந்த செயலிகளுக்குத் தாய் எக்ஸ்ப்ளோரர். சேவைகளுக்குத் தாய் சர்வீசஸ்.இஎக்ஸ்இ. ஒரு வேர்டு ஆவணம் திறந்த சில நொடியில், வேர்டுக்குப் பிள்ளையாக பவர்ஷெல் தோன்றினால்? கடிதம் எழுதும் செயலிக்குக் கட்டளை இயக்கும் கருவியோடு வேலையே கிடையாது. ஆவணத்துக்குள் இருந்த மேக்ரோ என்ற குட்டி நிரல் அதைக் கூப்பிட்டிருக்கிறது என்று பொருள்.

இங்கே ஒரு பெரிய சிக்கல். பவர்ஷெல்லும், ரன்டிஎல்எல்32-ம், எம்எஸ்எச்டிஏ-வும் மைக்ரோசாஃப்டின் அசல் கருவிகள். இடம் சரி, கையொப்பம் சரி. ஆனால் அவை தாங்களாக எதுவும் செய்வதில்லை. கொடுத்த வேலையைச் செய்கின்றன. கெட்ட வேலையைக் கொடுத்தாலும் செய்யும். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற தீங்கு நிரல் கணினிகளைச் சிதைத்தபோது அதை ஓட்டியது ரன்டிஎல்எல்32தான். ப்ராசஸ் பட்டியலில் தெரிந்தது அந்த நல்ல பெயர். கட்டளை வரியைப் பார்த்தால்தான் அது பெர்ஃப்சி.டேட் என்ற ஃபைலை ஏற்றிக்கொண்டிருப்பது தெரியும். கட்டளை வரி நெடுவரிசையைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மேலே வற்புறுத்தியதற்குக் காரணம் இதுதான். பவர்ஷெல்லின் கட்டளை வரியில் அர்த்தமே புரியாத எழுத்துகளும் எண்களும் நூற்றுக்கணக்கில் நீண்டு கிடந்தால், யாரோ தன் கட்டளையை மறைத்து அனுப்புகிறார்கள். சில நிர்வாகக் கருவிகளும் அப்படிச் செய்வதுண்டு. வீட்டுக் கணினியில் அதற்கு அவசியம் மிகவும் குறைவு.

இன்னொரு தந்திரம் இதைவிட நுட்பமானது. அசல் எஸ்விசிஹோஸ்டைச் சரியான இடத்திலிருந்தே தொடங்கி, ஓடத் தொடங்கும் முன் நிறுத்தி வைத்து, நினைவகத்தில் உள்ளிருப்பதை வழித்து எடுத்துவிட்டுத் தன் நிரலை ஊற்றிவிடுவது. ப்ராசஸ் ஹாலோயிங் என்று இதற்குப் பெயர். டிஸ்க்கில் இருக்கும் ஃபைலைச் சோதித்தால் எந்தக் குறையும் தெரியாது. பெரும்பாலும் தாய் மட்டும் பொருந்தாது. சர்வீசஸ்.இஎக்ஸ்இ இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ ஒரு பெயர் இருக்கும்.

நடத்தையைப் பார்ப்பது

சிபியுவை அதிகம் எடுப்பது மட்டும் குற்றமாகாது. எப்போது எடுக்கிறது என்பதுதான் கேள்வி. நீங்கள் எதுவும் செய்யாதபோது விசிறி இரைகிறது, டாஸ்க் மேனேஜரைத் திறந்த நொடியே அமைதியாகிறது, மூடினால் மறுபடி இரைகிறது என்றால் உங்கள் கணினியின் உழைப்பில் வேறொருவருக்கு டிஜிட்டல் நாணயம் ஈட்டும் கிரிப்டோ மைனராக இருக்க வாய்ப்புண்டு. பல மைனர்கள் டாஸ்க் மேனேஜர் திறக்கப்படுகிறதா என்று கவனித்து, திறந்ததும் வேலையை நிறுத்திவிடும்படி எழுதப்பட்டவை. கணினி ஓய்வில் இருக்கும்போது மட்டும் நடக்கும் விண்டோஸ் பராமரிப்பு வேலைகளும், நீங்கள் மவுஸைத் தொட்டதும் இதேபோல் நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். வேறொரு கருவியால் பார்ப்பது நல்லது. ரிசோர்ஸ் மானிட்டர் விண்டோஸிலேயே இருக்கிறது. எந்தப் ப்ராசஸ் எந்த முகவரியோடு இணைப்பு வைத்திருக்கிறது என்பதையும் அதிலேயே பார்க்கலாம். கால்குலேட்டர் மாதிரியான ஒரு சின்னச் செயலி நாள் முழுக்க வெளிநாட்டு முகவரி ஒன்றோடு சீரான இடைவெளியில் பேசிக்கொண்டிருந்தால், ஏன் என்று கேட்க வேண்டியதுதான்.

நிறுத்தினால் உடனே திரும்ப வருகிறதா, ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு வருகிறதா என்பதும் முக்கியம். திரும்ப வருவதற்கு எங்கோ பதிந்திருக்க வேண்டும். அதைத் தேட ஆட்டோரன்ஸ் என்ற சிஸ்இன்டர்னல்ஸ் கருவி இருக்கிறது. ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் இடம்), திட்டமிட்ட பணிகள், சேவைகள், பிரவுசர் துணைகள் என்று தானாகத் தொடங்கும் எல்லா வழிகளையும் ஒரே இடத்தில் காட்டும். மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்டவற்றை மறைத்துவிட்டுப் பார்த்தால் பட்டியல் சின்னதாகிவிடும்.

அடுத்தவர் கருத்தும் வேண்டும். 2004-ல் ஸ்பெயினில் தொடங்கி, 2012-ல் கூகுள் வாங்கிய வைரஸ்டோட்டல், ஒரு ஃபைலைச் சுமார் எழுபது ஆன்டிவைரஸ் எஞ்சின்களிடம் காட்டி என்ன சொல்கின்றன என்று தரும். ஃபைலை அப்படியே ஏற்றுவதற்கு முன் அதன் ஹேஷ் மதிப்பை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற அடையாளத்தை) மட்டும் கொடுத்துத் தேடுங்கள். பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹேஷ் என்ற கட்டளை 64 எழுத்துள்ள அந்த மதிப்பைத் தந்துவிடும். ஏற்றப்படும் ஃபைல்கள் பாதுகாப்பு ஆய்வாளர்களுக்கும் சந்தா கட்டிய நிறுவனங்களுக்கும் கிடைக்கும் என்பதால், சொந்த ஆவணங்களை அங்கே ஏற்றவே கூடாது. ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரிலிருந்தே நேராக இந்தச் சோதனையைச் செய்யும் வசதியும் 2014-லிருந்து இருக்கிறது.

முடிவைப் படிப்பதில் நிதானம் வேண்டும். எழுபதில் ஒன்றிரண்டு மட்டும், அதுவும் பொதுவான ஒரு பெயரைப் போட்டுக் குற்றம் சொன்னால் அது பெரும்பாலும் தவறான எச்சரிக்கை. முப்பது, நாற்பது எஞ்சின்கள் ஒரே குடும்பப் பெயரைச் சொன்னால் விவாதிக்க எதுவுமில்லை. பூஜ்யம் என்று வந்தால் அது நல்லது என்பதற்குச் சான்றாகாது. புத்தம் புதிய தீங்கு நிரலும் முதல் நாள் பூஜ்யம்தான் காட்டும். நான் அதிகம் நம்புவது, அந்த ஃபைல் முதன்முதலில் எப்போது அங்கே பார்க்கப்பட்டது என்ற தேதியை. விண்டோஸின் அசல் ஃபைல் என்றால் உலகம் முழுக்க ஏராளமானோர் ஏற்கெனவே சோதித்திருப்பார்கள். சிஸ்டம் ஃபைல் என்று பெயர் வைத்துக்கொண்டு இதுவரை யாருமே பார்த்திராத ஒரு ஹேஷைக் கொண்டிருந்தால், அதுவே ஒரு பதில்.

தேடுபொறியில் ப்ராசஸ் பெயரைப் போட்டுத் தேடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்தப் பெயரைப் போட்டாலும், இது ஆபத்தானதாக இருக்கலாம், எங்கள் ஸ்கேனரை இறக்கிச் சோதியுங்கள் என்று ஒரே வார்ப்பில் சொல்லும் பக்கங்கள் வரிசையாக வரும். ஒரு ப்ராசஸை விசாரிக்க வந்தவரிடம் இன்னொன்றை விற்கிறார்கள். பயந்து வருகிறவரிடம் இப்படிச் செய்வது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. பெயரை அடிப்படையாக வைத்து எந்தப் பக்கம் தீர்ப்பு சொன்னாலும், உங்கள் கணினியில் இருக்கும் ஃபைலை அது பார்க்கவில்லை என்பதை மறக்காதீர்கள்.

மேக்கிலும் லினக்ஸிலும் கேள்விகள் அவையே. மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்தால் கெர்னல்_டாஸ்க் சிபியுவை விழுங்குவதாகத் தெரியும்; கணினி சூடானால் மற்ற நிரல்களுக்குச் சிபியு கிடைப்பதைக் குறைத்து வெப்பத்தைக் கட்டுப்படுத்துவதும் அதன் வேலை. லினக்ஸில் சதுர அடைப்புக்குள் வரும் பெயர்கள் கெர்னல் திரெட்கள், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலே ஓட்டும் வேலைகள். அவற்றுக்கு டிஸ்க்கில் ஃபைல் கிடையாது. ப்ராக் ஃபோல்டரில் அந்த எண்ணுக்குக் கீழே உள்ள எக்ஸ்இ இணைப்பு டெம்ப் ஃபோல்டரைக் காட்டினால், சதுர அடைப்பு வெறும் வேஷம். கின்சிங் என்ற தீங்கு நிரல் சர்வர்களில் இறக்கும் மைனரின் பெயர் கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ. உண்மையான கெர்னல் திரெட்டின் பெயரோடு கடைசியில் ஓர் ஐ எழுத்தை மட்டும் சேர்த்திருக்கிறார்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றையும் மறைக்கக் கூடாது. நாம் பார்க்கும் பட்டியலே பொய்யாக இருக்கலாம். 2005 அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச், சோனி பிஎம்ஜி வெளியிட்ட ஓர் இசை சிடி தன் கணினியில் ரூட்கிட் (இயங்குதளத்திடமிருந்தே மறைத்து வைக்கும் நிரல்) ஒன்றை நிறுவியிருப்பதைக் கண்டுபிடித்து எழுதினார். டாலர் குறி, எஸ்ஒய்எஸ், மறுபடி டாலர் குறி என்று தொடங்கும் பெயருள்ள ஃபைலையும் ப்ராசஸையும் அது விண்டோஸின் கண்ணிலிருந்தே மறைத்தது. காப்பி எடுப்பதைத் தடுக்க வைத்த அந்த மறைவிடத்தை மற்ற தீங்கு நிரல்களும் பயன்படுத்திக்கொள்ளத் தொடங்கின. விண்டோஸுக்குள்ளிருந்து விண்டோஸைக் கேட்டு விசாரிக்கும்போது, கீழே இருப்பவர் பொய் சொன்னால் மேலே இருக்கும் கருவிக்குத் தெரியாது. அதற்காகத்தான் டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது: விண்டோஸ் ஓடத் தொடங்கும் முன்பே, வேறொரு சூழலிலிருந்து டிஸ்க்கைச் சோதிக்கிறது.

விசாரணை முடிந்து, கெட்டது என்று உறுதியாகிவிட்டால் ப்ராசஸை நிறுத்துவதற்கு முன் நெட்டைத் துண்டியுங்கள். அது எடுத்ததை அனுப்புவதும், புதியதை இறக்குவதும் அதோடு நிற்கும். ஃபைலின் பாதையையும் ஹேஷையும் குறித்துக்கொண்டு, ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியோடு ஓடியது தெரிந்தால் சுத்தம் செய்வதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். முக்கியமான ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவதுதான் என் பரிந்துரை. பாஸ்வேர்டுகளை வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மாற்றுங்கள், மின்னஞ்சலிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குகளுக்கும் மீட்புச் சாவி அங்கேதான் இருக்கிறது. இதில் பலர் ஒரு படியைத் தவறவிடுகிறார்கள். தகவல் திருடும் நிரல்கள் பாஸ்வேர்டோடு பிரவுசரின் குக்கீகளையும் எடுத்துப் போகின்றன. அந்தக் குக்கீ உயிரோடு இருக்கும்வரை, பாஸ்வேர்டும் தெரியாமல் ஓடிபியும் கேட்காமல் உங்கள் கணக்கில் அவர்களால் உட்கார்ந்திருக்க முடியும். பாஸ்வேர்டை மாற்றினால் பழைய செஷன்கள் எல்லாத் தளங்களிலும் தானாக முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு கணக்கின் பாதுகாப்பு அமைப்புக்கும் போய், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்பதையும் அழுத்துங்கள்.